வெள்ளை இடத்தில் ஒரு வட்டம்

"அஃப்ஸர், இந்த டாக்டரம்மா நம்மள ஏமாத்தப் பாக்கறாங்க" என்றார் சத்தார், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியபடி.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி. சின்ன ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் கணவனும் மனைவியும்.

சத்தாரின் கால்களில் வலை விரித்த மாதிரி நீலக் கோடுகள். எட்டு மாதமாக வலி. ஆம்பூரில் தோல் கம்பெனி வேலை, நாள் முழுக்க நின்றே ஆக வேண்டும்.

"தோல்ல இருக்கிற ரத்தக் குழாய்ல ஏதோ அபூர்வமான வியாதி மாதிரி இருக்கு பாய். துளி தோல் வெட்டி டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். தெரிஞ்சாத்தான் மருந்து" என்று, காலில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார் டாக்டர் ஃபீபி.

"இன்னா ஏமாத்தறாங்க?" என்றாள் அஃப்ஸர் ஜஹான்.

"நீயே பாரு. நீலத்த விட்டுட்டு, நடுவுல வெள்ளையா இருக்கிற நல்ல இடத்துல வட்டம் போட்டிருக்காங்க. நல்ல இடத்த வெட்டினா ரிப்போர்ட்டும் நல்லாத்தான் வரும். ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்கன்னுடுவாங்க. தோல் விஷயத்துல என்கிட்டயேவா?"

"சும்மா இருங்க. படிச்சவங்க அவங்க."

சத்தார் சும்மா இருக்கவில்லை. எச்சில் தொட்டு வட்டத்தை அழித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கி, நீலம் நன்றாகக் கறுத்துப்போன இடமாகப் பார்த்துப் புது வட்டம் போட்டார்.

உள்ளே வேறொரு டாக்டர். வட்டத்தைப் பார்த்தார், வெட்டினார். இரண்டு தையல்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஃபீபி காலைப் பார்த்தார்.

"நான் வட்டம் போட்டது இங்க இல்லையே?"

சத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாந்தாம்மா மாத்தினேன். கெட்ட இடம் இருக்கும்போது நல்ல இடத்த வெட்டி, வியாதி இல்லன்னு அனுப்பிடலாம்னுதான பாத்தீங்க?"

ஃபீபி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குழாய் அடைச்சு ரத்தம் வராததாலதான் பாய் அது வெள்ளையா இருக்கு. வியாதியே அங்கதான். நீலம் வெறும் தேங்கின ரத்தம். இப்ப மறுபடியும் வெட்டணும்."

"மறுபடியுமா?" சத்தார் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வியாதி இல்லன்னு சொல்லி அனுப்பினா எனக்கு என்ன லாபம்? இப்படி ஒரு சந்தேகம் எப்படி வந்தது உங்களுக்கு?"

சத்தார் பேன்ட்டை இறக்கிவிட ஆரம்பித்தார்.

அஃப்ஸர் ஜஹான்தான் பதில் சொன்னாள்.

"கம்பெனில வெளிநாட்டுக்காரங்களுக்கு சாம்பிள் தோல் வெட்டி அனுப்புறது இவருதாங்க டாக்டரம்மா. முப்பது வருஷமா ஓட்டை, கறைய எல்லாம் விட்டுட்டு நல்ல இடமா பாத்துத்தான் வெட்டுறாரு. எல்லாரும் அப்படித்தான்னு நெனச்சிட்டாரு."