சத்தம் நின்றால்

“இன்னொரு தடவ அந்த ஜெய்புன்னிசாப் புள்ள பெஞ்சுக்கு அடியில போச்சுன்னா டி.சி. எழுதிருவனுங்க. அப்புறம் என்னையக் குத்தஞ் சொல்லாதீங்க டீச்சர்” என்றார் தலைமை ஆசிரியர் சாமியப்பன்.

“நாலாங்கிளாஸ் புள்ளைங்க சார். கொஞ்சம் பொறுத்துக்கலாமுங்க” என்றார் ஜானகியம்மாள்.

“வெள்ளிக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து இன்ஸ்பெக்டர் வர்றாரு. அவரு காலுக்கடியில ஒரு புள்ள தவழ்ந்து போனா நல்லாவா இருக்கும்? எம்பட பள்ளிக்கூடத்துல குண்டூசி விழுந்தாலும் கேக்கோணுமுங்க.”

காதர்பேட்டைக்குப் பின்னால் இருந்த அந்தப் பள்ளியின் ஒழுங்கு ஊரறிந்தது. காக்கைகூடத் தலைமை ஆசிரியர் அறையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கத்தும். எந்த வகுப்பில் சத்தம் அடங்கினாலும் அடுத்த மூச்சில் சாமியப்பன் அந்த வாசலில் நிற்பார். தரையை ஒரு சுற்றுப் பார்ப்பார். திரும்பிப் போய்விடுவார். சுத்தத்தில் மனிதருக்கு அவ்வளவு அக்கறை என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

ஜெய்புன்னிசாவிடம் வேறு குறையே இல்லை. வகுப்பு இரைந்து வாய்ப்பாடு சொல்லும்போது தங்கமாக உட்கார்ந்திருப்பாள். “சத்தம் போடாம எழுதுங்க” என்றால் போதும், துள்ளிக் குதித்துப் பெஞ்சுக்கடியில் புகுந்துவிடுவாள்.

“என்ன கண்ணு தேடறே?”

“தெரியலீங்க டீச்சர். காலு தானாப் போவுதுங்க.”

அன்று மாலை ஜானகியம்மாள் அவள் வீட்டுக்கே போனார். ஒற்றை அறை. அதில் முக்கால் பங்கு பனியன் துணி பின்னும் மிஷின்; மிச்சத்தில் முஸ்தபாவின் குடும்பம். மிஷின் ஓடும்போது அந்த வீட்டுப் பூனை ஜாடை காட்டித்தான் பால் கேட்கும்.

“வாங்க டீச்சரம்மா. என்ன சேட்ட பண்ணுச்சு?” என்று முஸ்தபா கத்தியதை அவருடைய வாயசைவைப் பார்த்துத்தான் ஜானகியம்மாள் புரிந்துகொண்டார். பதில் சொல்வதற்குள் மிஷினில் ‘டக்’ என்று ஓர் ஓசை. முஸ்தபா சட்டென்று மிஷினை நிறுத்தினார்.

அவ்வளவுதான். முஸ்தபா தரையில் குனிந்தார். அவர் மனைவி நசீமா கையில் கரண்டியோடு ஓடிவந்து மண்டியிட்டாள். ஜெய்புன்னிசா மிஷினுக்கு அடியில் புகுந்தாள். டீச்சரின் செருப்பைக்கூட ஒருவர் தூக்கிப் பார்த்தார்.

“ஊசி ஒடஞ்சிருச்சுங்க” என்றார் முஸ்தபா, தரையைத் தடவிக்கொண்டே. “அதக் கண்டுபுடிக்காம ஓட்டுனா, உள்ள சிக்கித் துணி பூராக் கிழிஞ்சிரும். சத்தம் நின்னா ஊட்டுல அத்தன பேரும் தரையில இருக்கோணும். இதுக்குத் தொட்டில்ல கெடந்தப்ப இருந்து அதான் பழக்கம்.”

“அத்தா, கெடச்சிருச்சு.”

“வேற எங்க போயிரும்? மிஷினோட எடது காலுக்கடியிலதான் எப்பவும் விழும். இதோட ராசி அப்பிடி.” முஸ்தபா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். “எனக்கு இத வித்த சேவூர் கிட்டுசாமி அண்ணன் அப்பவே சொன்னாருங்க. அவங்க கையால சுத்துன காலத்துலயே அப்பிடித்தானாம். அவரு பையனையும் இதே சேட்டைக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து தொரத்தி உட்டாங்களாம்.”

“அடப் பாவமே. அப்புறம்?”

“அப்புறம் வேற பள்ளிக்கூடத்துல சேத்தாங்க.”

“நல்லதாப் போச்சு.”

“அங்கயும் தொரத்தி உட்டாங்களாம்.”

மறுநாள் ஜானகியம்மாள் ஜெய்புன்னிசாவை ஜன்னலோரம் உட்கார வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பனியன் ஷெட். அங்கிருந்து மிஷின் சத்தம் தாலாட்டு மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

“ஒருவேள அந்தச் சத்தமும் நின்னுருச்சுன்னா, மொதல்ல என்னையப் பாரு கண்ணு. நான் குனிஞ்சாத்தான் ஊசி ஒடஞ்சிருக்குன்னு அர்த்தம். நின்னுட்டே இருந்தா ஒண்ணுமில்ல. செரியா?”

“நீங்க குனியவே மாட்டீங்களா டீச்சர்?”

“எனக்கு இடுப்பு வலி கண்ணு.”

வெள்ளிக்கிழமை வந்தது, இன்ஸ்பெக்டரும் வந்தார். டீச்சரின் நாற்காலியில் அவர் உட்கார, பக்கத்தில் சாமியப்பன் விறைப்பாக நின்றார்.

“டி.சி. புஸ்தகத்த எடுத்து வெச்சிட்டுத்தான் வந்திருக்கறனுங்க” என்று டீச்சரின் காதருகே சொல்லவும் மறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு கணக்குக் கொடுத்தார். பிள்ளைகள் சிலேட்டில் குனிந்தார்கள். ஷெட்டின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது பார்த்துக் கரண்ட் போயிற்று.

ஷெட் அடங்கியது. மரத்துக் காக்கையும் வாயை மூடிக்கொண்டது. அப்படியோர் அமைதியை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை.

ஜெய்புன்னிசாவின் முழங்கால் துள்ளியது. ஒரு கால் பெஞ்சுக்கு வெளியே வந்தே விட்டது. ஜானகியம்மாளைப் பார்த்தாள். அவர் தூண்போல நின்றார். கால் மெல்ல, மிக மெல்ல, உள்ளே திரும்பிப் போயிற்று.

ஜானகியம்மாள் அடக்கிய மூச்சை விடுவதற்குள் இன்ஸ்பெக்டரின் மேசை ஆடியது. இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டுத் தம் கால்களைத் தூக்கிக்கொண்டார்.

“ஏனுங்க டீச்சர், சாமியப்பன் எங்கீங்க?”

“டீச்சர், நீங்க குனியவே இல்லீங்களே” என்றாள் ஜெய்புன்னிசா. “சார் மட்டும் எதுக்குங்க தேடறாரு?”

மேசைக்கு அடியிலிருந்து, தரையைத் தடவும் ஓசையோடு, தலைமை ஆசிரியரின் குரல் வந்தது:

“எடது காலுக்கடியிலயும் காணமுங்க, அப்பா.”