ஓசி டியூஷன்

கீழ் வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடமாகியும், அந்த வெள்ளைக்காரக் குடும்பத்தைப் பார்த்தாலே மாடி வீட்டு டாக்டரம்மாவுக்கு இளக்காரம்தான்.

"புள்ளைங்க செருப்புகூட இல்லாம மண்ணுல புரளுதுங்க. அந்த அம்மாக்காரி, காய்காரன்கிட்ட நின்னு அரை மணி நேரம் கதையளக்கிறா. வெள்ளைக்காரங்கன்னு பேருதான், ஒரு நாகரிகம் கிடையாது!" என்று கணவரிடம் தலையிலடித்துக்கொண்டாள்.

"அப்புறம் எதுக்கு நம்ம பையனை தினமும் அங்க அனுப்பற?"

"எல்லாம் இங்கிலீஷுக்குத்தான். ஓசி டியூஷன்! அங்க போனா தமிழ்ல வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பாருங்க, இன்னும் ஆறே மாசத்துல பொளந்து கட்டுவான்."

அழைப்புமணி அடித்தது. வாசலில் வெள்ளைக்கார அம்மா, பையனைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். டாக்டரம்மா நாக்கைச் சுழற்றி, "ஹலோ!" என்றாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா," என்றாள் அவள், நிதானமான தமிழில். "இனிமே இவனை அனுப்ப வேணாம்."

"ஏன், எதையாவது உடைச்சுட்டானா?"

"சேச்சே! எங்க பசங்களுக்குத் தமிழ் வரட்டும்னுதான் இவனைச் சேர்த்துக்கிட்டோம். இவன் தமிழே பேச மாட்டேங்கிறான். போதாக்குறைக்கு, எங்க பசங்களோட இங்கிலீஷும் கெட்டுப்போச்சு."