கமராவுக்கு வைத்த பொட்டு

வின்சன்ற் தன் சட்டை நுனியால் அந்தச் சந்தனப் பொட்டைத் துடைத்தான். அதுவும் கோயில் வாசலில், இத்தனை சனம் பார்த்துக்கொண்டு நிற்க!

மங்கையற்கரசிக்கு நெஞ்சு பதறிப்போனது. அவள் இப்போதுதான் வைத்த பொட்டு அது.

"என்ன தம்பி இது? வெச்ச கை இன்னும் காயல்ல, அதுக்குள்ள அழிக்கிற?"

"அக்கா, அது கமரா. சந்தனம் பட்டா உள்ள ஒண்டும் தெரியாது."

"கமரா எண்டு எனக்குத் தெரியாதா? அதுவும் பஸ்சுட கண்தானே! முன் லைற்றுக்கெல்லாம் வெச்சிட்டு அதுக்கு மட்டும் வெக்காம விடுறதா? கண்ணூறு முதல்ல அதிலதான் விழும்."

அவளுடைய புருசன் நல்லரத்தினம் குருக்கள்மடம் ஊருக்குக் கொண்டுவந்து இறக்கிய புது பஸ் அது. மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் ஓடப் போகிறது. ஊரில் ஒருத்தரும் காணாத சாமானெல்லாம் அதில் பூட்டியிருந்தார். இடப்பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரு கமரா, ட்றைவருக்கு முன்னால் ஒரு சின்ன ரீவி. பக்கத்தில் ஏதாவது வந்தால் கீக் கீக் என்று கத்த ஒரு மெசின் வேறு.

கண்ட கண்ட ஆளுக்கெல்லாம் இதே கதைதான் அவருக்கு.

"இடப்பக்கம் பின் டயரடியில ஆள் நிண்டா எந்த ட்றைவருக்கும் தெரியாது. கண்ணாடியிலயும் விழாது. இனி எனக்கு அந்தப் பயம் இல்ல. என்ட பஸ் எறும்பு போனாலும் காட்டும்!"

அப்படி அளந்த மனிசன்தான் இப்போது கண் சிவந்து வந்தார்.

"ஏன்டா, நீ வேதக்காரன் எண்டு தெரிஞ்சுதானே வேலைக்கு எடுத்தன்? உள்கண்ணாடியில நீ கொழுவின செபமாலைய நான் கழட்டச் சொன்னனா?"

"இல்ல அண்ணன்."

"அப்ப எங்கட பொட்டு உனக்கு என்ன செஞ்சது?"

வின்சன்ற், பழைய முதலாளி பஸ்சை வித்ததிலிருந்து வேலையில்லாமல் அலைந்தவன். வீட்டில் பெண்சாதி மேர்லின் நிறைமாசம். இந்த வேலை அவனுக்கு வேணும். ஏறி ட்றைவர் சீற்றில் இருந்தான்.

சனம் சும்மா இருக்குமா?

"அவனுக்கென்ன, அவன்ட சாமி வேற!"

"நாளைக்கு விபூதியையும் துடைப்பான் பாருங்க."

ஐயர் பூசணிக்காயை உடைத்தார். டயருக்கெல்லாம் அடியில் தேசிக்காய் வைத்தாயிற்று. பஸ் அதை நசுக்கிக்கொண்டு முன்னால் போகவேண்டும், அவ்வளவுதான். கோயில் மணி அடிக்க, யாரோ அவசரக்காரன் சீனவெடியையும் கொளுத்திவிட்டான்.

"எடு, எடு! ராகுகாலம் வரப்போகுது!" முன்னால் நின்று கை காட்டினார் நல்லரத்தினம்.

எஞ்சின் உறுமியது. பஸ் ஒரு சாண்கூட நகரவில்லை. மறுகா எஞ்சினும் நின்றுபோனது.

"என்னடா?"

வின்சன்ற் ஜன்னலால் தலையை நீட்டி என்னமோ கத்தினான். மணிச்சத்தம், வெடிச்சத்தம், போதாததுக்கு அந்தக் கீக் கீக். ஒன்றும் விளங்கவில்லை. இடப்பக்கம் கோயில் மதிலோடு அண்டி நின்றதால் அந்த மெசின் காலையிலிருந்தே கத்திக்கொண்டுதான் இருந்தது. அதை ஆர் கணக்கெடுத்தது?

"ஏசினதுக்குப் பழி வாங்குறான்!" என்றார் முன்வரிசையில் நின்ற ஒருவர்.

நல்லரத்தினத்துக்கு வந்ததே ஆத்திரம்! ட்றைவர் பக்கக் கதவை இழுத்துத் திறந்து படியில் ஏறினார்.

"இறங்கு கீழ! நல்ல நேரத்தில என்ட பஸ்ச மறிச்ச நீ இனி இதில ஏறவே கூடாது. நானே எடுக்கிறன்!"

சாவியை நோக்கி அவர் கை போனது. வின்சன்ற் தன் கையால் அதைப் பொத்திக்கொண்டான்.

"வேலையால நிப்பாட்டுங்க அண்ணன். முதல்ல இந்த ரீவியப் பாருங்க."

நல்லரத்தினம் பார்த்தார்.

இடப்பக்கம், மதிலுக்கும் பஸ்சுக்கும் நடுவில் மங்கையற்கரசி குந்தியிருந்தாள். பின் டயரடியிலிருந்து உருண்டுபோன தேசிக்காயைப் பிடித்துவந்து, முழங்கை வரைக்கும் கையை டயருக்கு முன்னால் விட்டு, ஆற அமர அதை நேராக வைத்துக்கொண்டிருந்தாள்.

நல்லரத்தினம் அப்படியே படியில் இருந்துவிட்டார்.

"என்ட தெய்வமே... என்ட மனே..." அவன் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

மணி நின்றது. விசயம் வாய்க்கு வாய் மாறி மங்கையற்கரசியின் காதுக்கும் வந்தது. அவள் தன் வலது கையை ஒருதரம் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

ராகுகாலம் துவங்கினதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

அவள் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் அந்தக் கமராவிடம் போனாள். 'இதென்ன, இன்னும் விடமாட்டாள் போல' என்று சனம் பார்த்துக்கொண்டு நின்றது. வின்சன்றும் பயந்துபோய் எட்டிப் பார்த்தான்.

அவள் கமராவைச் சீலைத் தலைப்பால் இன்னொருதரம் நன்றாகத் துடைத்தாள். பிறகு, அதில் படாமல், அதற்கு நாலு விரல் மேலே பொட்டை வைத்தாள்.

"பொட்டு நெத்தியிலதானே மனே வைக்கோணும். நான் ஒரு விசரி, கண்ணுக்குள்ள வெச்சிட்டன்."