மூன்றாம் ஆண்டு விடுப்பு

கணினிப் பொறியியல் பேராசிரியர் வேலைக்காகச் செண்பகவல்லி எடுத்த மாதிரி வகுப்பு பிரமாதமாக அமைந்தது. ஆனால் அதெல்லாம் வெறும் சடங்கு. அந்தத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், விண்ணப்பித்தவரின் ஐந்தாண்டுத் தகுதிகாண் பருவத்தைக் கணினி முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிடும். பணி நிரந்தரம் ஆகாது என்று தெரிந்தால் ஆளை எடுக்கவே மாட்டார்கள்.

"முதல் ரெண்டு வருஷம் அருமையாப் பண்றீங்கம்மா," என்றார் தேர்வுக் குழுத் தலைவர், திரையைப் பார்த்தபடி. "மூணாவது வருஷம் நீண்ட விடுப்புல போயிடுறீங்க. அதுக்கப்புறம் ஒரு கட்டுரைகூட எழுதல."

"நானா? பிரசவ லீவையே பாதியில முடிச்சுட்டு வேலைக்கு வந்தவ சார் நான். எதுக்கு லீவு போட்டேனாம்?"

அவர் திரையை அணைத்தார். "குடும்பக் காரணம். அதுக்கு மேல சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லம்மா."

சான்றிதழ்களை அள்ளிக்கொண்டு கோபத்தோடு எழுந்தாள். எத்தனையோ நேர்காணல்களுக்குப் போயிருக்கிறாள். தேர்வுக் குழு யாருக்காகவும் எழுந்து அவள் பார்த்ததில்லை. இன்று மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தது கணவன் முருகவேள். கையில் தோசைக் கரண்டி.

"கிடைக்கலையா? விடு, வேற இடம் பாத்துக்கலாம்."

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து மகள் நிறைமதி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். செண்பகவல்லிக்குக் குடும்பம் என்று இருந்தது அந்த இரண்டு பேர்தான்.

யாரை முதலில் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் அவள் வாசலிலேயே நின்றாள்.