யார் எண்ணெய்?

"எண்ணெய் வழியுற தலையோட லேபுக்கு வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

பேராசிரியர் வெங்கடாசலம் போட்ட சத்தத்தில் ஆய்வுகூடமே அடங்கிப்போனது. அவர் கையில் ஆய்வு மாணவி கம்சிகாவின் என்.எம்.ஆர். வரைபடம்.

அது பொல்லாத கருவி. பொருளைக் கரைத்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பெரிய காந்தத்துக்குள் இறக்கினால் போதும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஹைட்ரஜனும், தான் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கோடு கிழித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இருக்கக் கூடாத எண்ணெயையும் சேர்த்தே காட்டிக்கொடுத்திருந்தது.

"மூணு வார வேலையும் பாழ். முதல்ல இருந்து பண்ணு!"

கம்சிகாவுக்கு அழுகை முட்டியது. சனிக்கிழமை மனோர் பார்க் கோயிலில் அண்ணனுக்குக் கல்யாணம். லீவும் வாங்கியாகிவிட்டது. முதலிலிருந்து என்றால், தாலி கட்டும் நேரத்தில் அவள் இங்கே குடுவை கழுவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். அடியில் இருந்த அளவுகோலில் 5.3இல் நெடுநெடுவென்று ஒரு கோடு. அவள் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய்க்கு அந்த இடத்தில் கோடு பெரிதாக எழும்பாது. சூரியகாந்தி எண்ணெய்க்குத்தான் எழும்பும்.

"சேர், இது தலைக்கு வைக்கிற எண்ணெய் இல்லை, பொரிக்கிற எண்ணெய். காலமை நீங்கள்தானே குழாயின்ர வாயை விரலால பொத்திக் குலுக்கினீங்கள்..."

பேராசிரியர் அவசரமாகத் தன் விரலைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி பிரமிளா மதியச் சாப்பாட்டோடு நுழைந்தார். மேல்மாடியில் வேதியியல் கற்பிப்பவர். கையில் டப்பா நிறைய வெள்ளரிக்காய். கணவருக்குக் கொலஸ்ட்ரால் ஏறியதிலிருந்து வீட்டில் பொரித்ததெல்லாம் தடை.

"என்ன எண்ணெய்?"

பேராசிரியரின் கண்கள் கம்சிகாவைக் கெஞ்சின. அவளுக்குப் பாவமாக இருந்தது.

"என்ர தலை எண்ணெய்தான், அன்ரி. குழாயில மட்டும்தான் பட்டிருக்கு. போத்தில்ல மிச்சம் இருக்கிறது சுத்தம்."

"ஆமா, ஆமா! வேற குழாய்ல ஊத்தி ஒரு தடவை ஓட்டினாப் போதும். நீ கல்யாணத்துக்குக் கிளம்பும்மா," என்றார் பேராசிரியர் ஒரே மூச்சில்.

வாசல்வரை கூடவே வந்த பிரமிளா, அவள் கையிலிருந்த வரைபடத்தை நோட்டம் விட்டார்.

"தேங்காயெண்ணெய்க்கு 5.3ல இவ்வளவு உயரம் வராதேம்மா?"

கம்சிகா வரைபடத்தை அவசரமாக மடித்தாள்.

"பயப்படாதே." பிரமிளா குரலைத் தாழ்த்தினார். "ஆபீஸ் சிவமலர் வாரா வாரம் அவருக்கு ரகசியமாக் குடுக்கிற வடை, நான் சுட்டுக் குடுத்தனுப்புறதுதான். என் கையால குடுத்தா நாலு கேப்பார். எனக்குத் தெரியாமத் தின்னா, பயந்து ஒண்ணோட நிறுத்திக்குவார்!"