வீட்டுச் சேனல்

"அத்தானுக்கு மட்டும் இது தெரியவே கூடாது" என்றது ரேடியோ.

அத்தான் அப்போதுதான் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். டம்ளர் பாதி வழியில் நின்றது. படகின் ஓட்டுநர் அறையில் அவரும் இன்ஜின்காரரும் மட்டும்தான் இருந்தார்கள். பேசியது, எங்கோ தன் படகில் இருக்கும் மச்சினன், அதாவது அவர் மனைவியின் தம்பி.

"யார்கிட்ட பேசுறான்?"

"பக்கத்துல நிக்கிற கூட்டாளிகிட்ட. நம்மகிட்ட இல்ல" என்றார் இன்ஜின்காரர். "மைக் ஏதோ இடுக்குல விழுந்து, பட்டன் அமுங்கிக் கிடக்குது போல. அங்க பேசுறது பூரா இங்க கேக்குது. அவருக்கே தெரியாது, பாவம்."

அதுவும் வீட்டுச் சேனலில். எல்லாப் படகும் கூடிக் கத்துகிற பொதுச் சேனலில் குடும்ப விஷயம் பேச முடியாதென்று, இந்த இரண்டு படகுகளுக்காக மச்சினனே பார்த்து ஒதுக்கிய சேனல் அது. அத்தான் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"அத்தான் ஜி.பி.எஸ்ஸைப் பாத்து ஓட்டுறாரா, என் படகைப் பாத்து ஓட்டுறாரான்னே தெரியல" என்று மச்சினன் சொல்லிக்கொண்டிருந்தான். "நான் திரும்பினா அவரும் திரும்புறாரு. அன்னிக்கு சும்மா ஒரு வட்டம் அடிச்சேன். அவரும் அடிச்சாரு."

இன்ஜின்காரர் இருமுகிற சாக்கில் சிரித்தார். அத்தான் முறைத்தாரே தவிர மறுக்கவில்லை. அந்த வட்டத்தில் இன்ஜின்காரரும் கூடவே சுற்றியவர்தான்.

இரண்டு வாரமாக அத்தானின் ஐஸ் பெட்டிகள் ஐஸோடு போய்த் தண்ணீரோடு திரும்பின. காலையில் சாப்பாட்டுத் தூக்கை நீட்டியபோதே மனைவி தீர்ப்பையும் சொல்லிவிட்டாள். "இன்னிக்கும் வெறும் பெட்டியோட வந்தீங்கன்னா, நாளையிலேருந்து தம்பி படகுல வலை இழுக்கப் போங்க. அவன்கிட்ட சொல்லி வெச்சுட்டேன்."

இருபது வருஷமாகச் சொந்தப் படகு ஓட்டியவர், தன் கல்யாணத்தில் அரைக்கால் சட்டையோடு ஓடித் திரிந்த பயலிடம் போய், 'இப்போ வலையை விடலாமா தம்பி?' என்று கை கட்டி நிற்பதா?

"சரி, நேத்து அள்ளினோமே, அந்த இடத்தைக் குறிச்சுக்கோ. டிகிரி எப்பவும் உள்ளதுதான், நிமிஷத்தை மட்டும் சொல்றேன்" என்றது ரேடியோ. "வடக்கே நாற்பத்திரண்டு புள்ளி மூணு அஞ்சு. திரும்பச் சொல்றேன், நாற்பத்திரண்டு புள்ளி மூணு அஞ்சு. கிழக்கே பதினேழு புள்ளி ஆறு எட்டு. திரும்பச் சொல்றேன், பதினேழு புள்ளி ஆறு எட்டு. மத்தியானத்துக்கு மேல போவோம்."

அத்தான் பேனாவைத் தேடவில்லை. நேரே ஜி.பி.எஸ்ஸில் தட்டினார். 'எதைச் சொன்னாலும் தெளிவா சொல்லுவான்' என்று வாழ்க்கையில் முதல்முறையாக மச்சினனை மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

"அண்ணே, மைக் மாட்டியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடலாமா?" இன்ஜின்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"எப்படிச் சொல்றது? அவன் பட்டன் அமுங்கியிருக்கிற வரைக்கும் நாம பேசுறது அவனுக்குக் கேக்காது. வேணும்னா நீ நீந்திப் போய்ச் சொல்லிட்டு வா. நாங்க முன்னாடி போறோம்."

இன்ஜின்காரர் நீந்தவில்லை. இன்ஜினை முடுக்கினார்.

முக்கால் மணி நேர ஓட்டம். வழியெல்லாம் ரேடியோ அத்தானை உரித்துக்கொண்டே வந்தது. அவர் மீசைக்கு மை பூசுவது, மழை வராது என்று அடித்துச் சொல்லிவிட்டு நனைந்து வந்தது, மாமனார் வீட்டில் குறட்டை விட்டுக் குழந்தையை எழுப்பியது என்று ஒன்று பாக்கியில்லை. அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரித்தார். "பேசட்டும், நல்லா பேசட்டும். சாயங்காலம் கரையில யார் சிரிக்கிறதுன்னு பாப்போம்."

திரையில் படகின் அம்பு குறித்த புள்ளியைத் தொட்டதும் ஜி.பி.எஸ் பீப் என்றது. வலை இறங்கியது. அத்தான் மனைவியிடம் சொல்ல வேண்டியதை இப்போதே ஒத்திகை பார்த்தார். 'என்னமோ சொன்னியே காலையில' என்று ஆரம்பிக்கலாம். இல்லை, ஒன்றுமே சொல்லாமல் பெட்டியை மட்டும் திறந்து காட்டலாம். அதுதான் நன்றாக இருக்கும்.

அரை மணி நேரம் கழித்து இழுத்தபோது வலை கனத்தது. "விடாதே, விடாதே" என்று அத்தானும் போய் வலை இழுக்கும் ஆட்களுக்குக் கை கொடுத்தார். நாலு பேர் மூச்சுப் பிடித்து இழுத்ததில் மேலே வந்தது ஒரு கூடை ஜெல்லி மீனும், ஒரு லாரி டயரும்.

அத்தான் அந்த டயர்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நம்பர் தப்பா போட்டுட்டோமா?" என்று கேட்டார்.

"எப்படிண்ணே தப்பாகும்? அவருதான் ரெண்டு ரெண்டு தடவை சொன்னாரே."

ஓட்டுநர் அறையில் ரேடியோ இன்னும் ஓயவில்லை.

"மணி என்ன?" என்றான் மச்சினன்.

"ஒன்பதரை" என்றது கூட்டாளியின் குரல்.

"அப்போ அத்தான் இந்நேரம் வலையைத் தூக்கிப் பாத்திருப்பாரு. போதும், பட்டன்லேருந்து விரலை எடு."