வாய்தா சுப்புராயன்

"சாட்சி வரலியா?" என்று கேட்டார் ஜட்ஜ்.

"இல்லீங்க எசமான். அவனுக்கு வயித்துப்போக்கு. ஒரு வாய்தா குடுத்தா..." என்று இழுத்தான் சுப்புராயன். வைத்த வக்கீலும் வெட்கப்பட்டு விலகிவிட்டதால் அவனேதான் பேசினான்.

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போன தடவை அதே சாட்சிக்கு அம்மை. அதற்கு முந்தி அவன் பெண்ணுக்குக் கல்யாணம்.

பின்வரிசையில் பர்தாவுக்குள் உட்கார்ந்திருந்த ஹாஜிரா பீக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

யுத்தம் முடிந்து, குண்டுக்குப் பயந்து ஓடினவர்களெல்லாம் பட்டணத்துக்குத் திரும்பிவிட்ட சமயம் அது. மயிலாப்பூர் கச்சேரி ரோடை ஒட்டிய சந்தில், அவளும் அவளுடைய இரண்டு பெண்களும் குடியிருந்த வீட்டின் மேல் வழக்குப் போட்டிருந்தான் பக்கத்து வீட்டு விறகுத் தொட்டிக்காரன் சுப்புராயன். பக்கச் சுவர் தன்னுடையதாம். சமையற்கட்டு வரைக்கும் தன் பாட்டன் பூமியாம்.

வீடு அவள் மாமனாருடையது. கணவன் இனாயத் தன் அப்பாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், மாமனாருக்குப் பிறகு அது முஸ்லிம் சட்டப்படி கொழுந்தன் மெஹபூப் பாஷாவுக்குப் போனது; பேத்திகளுக்குப் பங்கில்லை. ஆனாலும், "நீங்க இங்கேயே இருங்க பாபி" என்று அண்ணியை இருக்கவிட்டவன் அவன். வழக்கு வந்ததும் வக்கீல் வைத்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்தான். தங்கமான பிள்ளை.

சுப்புராயனும் ஒரு காலத்தில் நல்லவனாகத்தான் இருந்தான். இனாயத்தோடு ஒரே பீடியைப் பங்கு போட்டுக் குடித்தவன். அவன் பெண்டாட்டி தேவானை சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணத்தை நீட்டுவாள். வழக்கு வந்த பிறகு அதெல்லாம் நின்றுபோயிற்று. தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஹாஜிரா பீக்குக் கோடு கோணிக்கொண்டு போனது. வாசலில் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் கோர்ட் அமீனாவோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அடுத்தவங்களை அலைக்கழிக்கறதுக்குன்னே கேஸ் போடறது. போட்ட கேஸை நடத்தாம வாய்தா வாங்கறது. உன்னை மாதிரி ஆளுங்களாலேதான் சட்டத்தையே திருத்தணும்னு பேசறாங்க. அது எப்போ வரும்னு நானும் காத்துக்கிட்டிருக்கேன்."

வழக்கைச் செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்துவிட்டார்.

'அல்லா, அந்தச் சட்டம் சீக்கிரம் வரட்டும்' என்று வேண்டிக்கொண்டாள் ஹாஜிரா பீ.

வெளியே வந்ததும் மெஹபூப் பாஷாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பீடை ஒழிஞ்சுது பாபி. ரொம்ப அலைஞ்சிட்டீங்க. பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு ஆம்பூர்ல உங்க அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க. அதுக்குள்ள நான் வீட்டுக்கு வெள்ளை அடிச்சு வைக்கறேன். இப்ப நீங்க டிராம் ஏறிப் போயிடுங்க. எனக்கு ஒருத்தரைப் பார்க்கணும்."

அவன் வேகமாக நடந்தான். அவளுக்குக் கண் கலங்கியது.

டிராமுக்குப் போக அவளுக்கு மனசு வரவில்லை. சுப்புராயன் மரத்தடியில் குந்தியிருந்தான். நேராக அவன் எதிரில் போய் நின்றாள்.

"தகப்பன் இல்லாத பொண்ணுங்க. அதுங்களைத் தூங்கவிடாம அடிச்சீங்களே, உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் செஞ்சோம்?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவன் கண் வாசல் பக்கமே இருந்தது.

"அங்க பாரும்மா. உன் கொழுந்தன் யாராண்ட பேசிக்கினு கீறாரு?"

கறுப்புக் காரில் சாய்ந்தபடி ஒரு பெரிய மனிதர் நின்றிருந்தார். மெஹபூப் பாஷா இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

"அவரு மொத தபா வீட்டப் பாக்க வந்தப்ப நீ ஆம்பூருக்குப் போயிருந்தே. என் தொட்டியாண்ட நின்னுக்கினுதான் வெல பேசுனாங்க. பொம்பளைங்கள எப்டிக் கெளப்பறதுன்னு அவரு கேட்டாரு. அதுங்களுக்கு இன்னா பாத்தியதை கீது, ஒரே நாள்ல கெளப்பிடறேன்னாரு உன் கொழுந்தன்."

ஹாஜிரா பீ முகத்திரையை விலக்கிக் காரைப் பார்த்தாள்.

"கேஸ் கீற வீட்ட எவன் வாங்குவான்? அதான் போட்டேன். சொவரு உங்களுதுதான். சாட்சின்னு ஒருத்தனும் கெடையாது. பொண்ணுங்க கண்ணாலம் முடியற வரைக்குமாவது இஸ்துக்கினு போயிடலாம்னு பாத்தேன். முடியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொல்லியிருந்தா? கூண்டுல ஏத்திக் கேட்டா, குரான் மேல ஆணை வெச்சுட்டு நீ பொய் சொல்லுவியா? உனுக்கு வராது."

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உள்ளே ஏறி உட்கார்ந்த மெஹபூப் பாஷா இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஹாஜிரா பீ பர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். மரங்களுக்கு மேலே தெரிந்த சிவப்புக் கோபுரங்களைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பீல்னு ஒண்ணு இருக்காமே அண்ணா. ஹைகோர்ட்டு இந்தப் பக்கத்துக் கட்டடம்தானே?"